இங்கிலாந்தில் பக்கத்துக் கோயிலோடு ஒட்டிக்கொள்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் ஒரு புதுக் குடும்பம் சர்ச்சுக்கு, எங்கள் வாய்ப்பழக்கத்தில் கோயிலுக்கு, வந்தால், பிரசங்கம் முடிவதற்குள் பாதிச் சபைக்கு விஷயம் தெரிந்துவிடும். எந்த ஊர், யார் மகன், அம்மா எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர், எல்லாம். இங்கிலாந்தில் நான் போக ஆரம்பித்த சபையில் நான்கு மாதம் ஆகியும் என் பெயர் மூன்று பேருக்குத்தான் தெரியும். யாரும் முகம் சுளிக்கவில்லை. சிரித்தார்கள், பாட்டுப் புத்தகம் கொடுத்தார்கள், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். அவ்வளவுதான்.

இதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு மனம் கசந்து போன நம்மவர்கள் நிறைய. ஒருவர் தானாக முன்வராதவரை அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது இந்த ஊர் மரியாதை. நம் ஊர் மரியாதைக்கு நேர் எதிர். அதனால் முதல் அடியை நாம்தான் வைக்க வேண்டும். சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையிலிருந்தோ இலங்கைத் திருச்சபையிலிருந்தோ வேலைக்கும் படிப்புக்கும் வந்து, ஞாயிறு காலை வந்துபோகிறவராக மட்டும் இருக்கப் பிடிக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கோயில்?

இங்கிலாந்து முழுவதும், அந்நாட்டின் ஆங்கிலிக்கன் திருச்சபையான சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் பாரிஷ்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் நம் சேகரம் மாதிரிதான், ஆனால் பாரிஷ் என்பது ஆள் கணக்கு கிடையாது, நில எல்லை. நீங்கள் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறையும் ஏதோ ஒரு பாரிஷுக்குள் வரும். அந்த எல்லைக்குள் குடியிருக்கும் இந்துவும் முஸ்லிமும் எதையும் நம்பாதவரும்கூட அந்தக் குருவானவரின் பொறுப்புக்குள் வருகிறவர்கள்தான். சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் ‘எ சர்ச் நியர் யூ’ இணையதளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் எந்தப் பாரிஷ், எந்தெந்த நேரத்தில் ஆராதனை என்று காட்டும்.

கிராமப்புறம் என்றால் அதைக் கவனமாகப் படியுங்கள். ஒரே குருவானவர் ஐந்தாறு கோயில்களைப் பார்ப்பது அங்கே சாதாரணம். முதல் ஞாயிறு இந்தக் கோயிலில், இரண்டாம் ஞாயிறு அடுத்த ஊரில் என்று மாறிமாறி வரும். பூட்டிய கதவுக்கு முன்னால் குடையோடு நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

உங்கள் பாரிஷ் கோயிலுக்கே போக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, சபையில் ஒட்டுவது பெரும்பாலும் வாரநாள் மாலைகளில்தான் நடக்கிறது.

அடுத்தது கோயிலின் சாய்வு. ஹை சர்ச், லோ சர்ச் என்று இங்கே சொல்வது நெல்லைக்காரர்களுக்குப் புதிதல்ல. நாசரேத், முதலூர், இடையன்குடி பக்கம் எஸ்.பி.ஜி. மிஷன், பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம் பக்கம் சி.எம்.எஸ். மிஷன். 1701-இல் தொடங்கிய எஸ்.பி.ஜி. மிஷனரிச் சங்கமும் 1799-இல் தொடங்கிய சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கமும் இதே சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் இரண்டு மனப்போக்குகளிலிருந்து வந்தவை. ஹை சர்ச்சுக்குச் சடங்கும் அங்கியும் முக்கியம், லோ சர்ச்சுக்குப் பிரசங்கமும் வேத பாடமும். அந்தப் பழைய கோடு இங்கே இன்னும் அழியவில்லை. அறிவிப்பில் ‘மாஸ்’ என்றோ ‘சங் யூக்கரிஸ்ட்’ என்றோ இருந்தால் தூபமும் மெழுகுவர்த்தியும் எதிர்பாருங்கள். ‘மார்னிங் வொர்ஷிப்’ என்று போட்டு, படத்தில் கிடாரும் திரையும் தெரிந்தால் மறுபக்கம். நடுவில் நிற்பவை ஏராளம்.

ஒரு கோயிலுக்கு மூன்று ஞாயிறாவது போய்ப் பாருங்கள். அப்புறம் முடிவெடுத்துவிடுங்கள். வருடம் முழுக்க ருசி பார்த்துக்கொண்டே இருந்தால் எங்கும் வேர் பிடிக்காது.

முதல் சில ஞாயிறுகள்

காலை எட்டு மணி ஆராதனை பெரும்பாலும் 1662-ஆம் ஆண்டின் ஜெபப் புத்தகப்படி, பாட்டில்லாமல், பழைய ஆங்கிலத்தில் நடக்கும். பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் தள்ளித்தள்ளி உட்கார்ந்திருப்பார்கள், முடிந்ததும் கலைந்துவிடுவார்கள். தியானத்துக்கு அருமை, ஆள் பழக உதவாது. பத்து மணி ஆராதனைக்குப் போங்கள். அது 2000-ஆம் ஆண்டில் வந்த ‘காமன் வொர்ஷிப்’ முறைப்படி இருக்கும். வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான்: பாவ அறிக்கை, வேத வாசிப்பு, பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், மன்றாட்டு, சமாதானம், நற்கருணை.

அந்தச் சமாதானம் கூறும் இடத்தில் எழுந்து பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கை கொடுப்பார்கள். நம் ஊரில் கைகளுக்குள் கை வைத்துக் கொடுப்பது இதேதான். இதை மேற்கத்திய சபைகளில் மறுபடி பரவச் செய்ததில் தென்னிந்தியத் திருச்சபையின் 1950 வழிபாட்டு முறைக்குப் பெரிய பங்கு உண்டு. கூச்சப்படாமல் எழுந்து கொடுங்கள், நம் வீட்டுச் சரக்கு.

நற்கருணைக்குப் போகலாமா என்று பலர் தயங்குகிறார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் உருவான சி.எஸ்.ஐ., ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் முழு உறுப்பு. அங்கே பேராயரிடம் திடப்படுத்தல் பெற்றவர் இங்கேயும் பெற்றவரே. மற்ற சபைகளில் ஞானஸ்நானம் பெற்று நற்கருணை எடுத்துவருகிறவர்களையும் இங்கே வரவேற்பார்கள். எடுக்க மனமில்லாவிட்டால் தலையைக் குனிந்து நின்றால் போதும், ஆசீர்வாதம் சொல்வார்கள். அப்பம் மட்டும் எடுத்துக்கொண்டு கிண்ணத்தை விட்டுவிட்டாலும் குறை ஒன்றுமில்லை.

குருவானவரை எப்படிக் கூப்பிடுவது? இது எனக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. ‘ஐயர்’, ‘ஐயரம்மா’ என்று வளர்ந்த நாக்குக்கு, வயதான ஒருவரை முதல் பெயர் சொல்லிக் கூப்பிட வராது. ஹை சர்ச் என்றால் ஃபாதர் அல்லது மதர் என்பார்கள். மற்ற இடங்களில் முதல் பெயர்தான். 1994 முதல் பெண்களும் குருவானவர்களாக இருக்கிறார்கள். இரண்டு மாதம் எந்தப் பெயரும் சொல்லாமல் ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்றே சமாளித்தேன். அப்புறம் அவரே, “என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று எனக்கே தெரியவில்லை” என்றார்.

ஆராதனை முடிந்தபின் ஓடாதீர்கள்

ஒரே ஒரு யோசனைதான் சொல்லலாம் என்றால் நான் இதைச் சொல்வேன்.

ஆராதனை முடிந்ததும் கோயிலின் பின்பக்கமோ பக்கத்து ஹாலிலோ டீ, காபி, பிஸ்கட் கொடுப்பார்கள். முதல் வாரங்களில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பது பெரிய வேதனை. எல்லோரும் முப்பது வருடப் பழக்கத்தில் வட்டம்வட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். வட்டத்துக்குள் நுழைய வழி தெரியாது. நானும் அப்படித்தான் நின்றேன், ஒரு நாள் சமையலறை ஜன்னலுக்கு அந்தப்புறம் ஒரு பாட்டி தனியாகக் கோப்பை கழுவிக்கொண்டிருப்பதைப் பார்க்கும் வரை. உள்ளே போய்த் துடைக்கும் துணியை எடுத்தேன். அவர் திரும்பிப் பார்த்து, “கைப்பிடி எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இருக்கணும்” என்றார். ஆறு மாதத்தில் அந்தச் சபையில் யாரும் என்னிடம் இவ்வளவு உரிமையாகப் பேசியதில்லை.

அந்த வெளிர்பச்சைக் கோப்பைகளை இங்கே பல சர்ச் ஹால்களில் பார்க்கலாம். போர்க்காலத்துச் சரக்கு, சீக்கிரம் உடையாது. அறுபது கோப்பை துடைத்து முடிப்பதற்குள் யார் மருத்துவமனையில் இருக்கிறார், யார் வீடு மாறுகிறார், ஆர்கன் ஏன் சத்தம் போடுகிறது, எல்லாம் தெரிந்துவிட்டது. கை வேலையில் இருந்தால் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. வெட்கப்படும் ஆட்களுக்கு அது பெரிய சௌகரியம். ஆங்கிலேயர்களில் வெட்கப்படுகிறவர்கள் நம்மைவிட அதிகம்.

அதிலிருந்து மூன்றாவது வாரம் காபி ரோட்டாவில் என் பெயர் இருந்தது. ரோட்டா என்றால் முறைப்பட்டியல். இங்கே சபை ஓடுவது பரிசுத்த ஆவியாலும் ரோட்டாவாலும். உங்கள் முறை வரும்போது ஒன்றை மறக்காதீர்கள்: வெந்நீர் அண்டா கொதிக்க முக்கால் மணி நேரம்கூட ஆகலாம், ஆராதனைக்கு முன்பே சுவிட்சைப் போட்டுவிடுங்கள். பாலை முதலில் ஊற்றுவதா கடைசியில் ஊற்றுவதா என்பதில் மட்டும் கருத்துச் சொல்லாதீர்கள்.

அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து பகிர்ந்து உண்ணும் ‘பிரிங் அண்ட் ஷேர்’ மதிய உணவும் அவ்வப்போது இருக்கும். நம் ஆட்கள் இங்கேதான், ஊர் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை நினைப்பில் அண்டா தூக்குவது. ஆளுக்கொரு சின்னத் தட்டு கொண்டுவந்த இடத்தில் நான் நாற்பது பேருக்குப் பிரியாணி கொண்டுபோனேன். காரம் குறைத்திருந்தேன். ஆனால் முழு ஏலக்காயை எடுக்கவில்லை. ஒரு பெரியவர் அதைக் கடித்துவிட்டார். முகத்தில் ஒரு கணம் என்னென்னவோ ஓடியது. மென்று விழுங்கிவிட்டு, “வெரி இன்ட்ரஸ்டிங்” என்றார். இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். எட்டுப் பேர் சாப்பிடும் அளவு போதும். முழு மசாலாவை எடுத்துவிடுங்கள். என்னென்ன சேர்த்தது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், முக்கியமாக முந்திரி, வேர்க்கடலை, எள். ஒவ்வாமை விஷயத்தில் இங்கே விளையாட்டுக் கிடையாது.

ஒரு வேலை, ஒன்றே ஒன்று

காபிக்கு அப்புறம் ஒரு வேலையைப் பொறுப்பாக எடுங்கள். உற்சாகத்தில் நான்குக்குக் கை தூக்கினால் ஆறு மாதத்தில் சலித்துப்போகும். இங்கே ஒருமுறை ஒப்புக்கொண்டால் வருடக்கணக்கில் உங்கள் தலையில்தான்.

வாசலில் நின்று வரவேற்பது எளிது. புதிதாக வருகிறவர்களுக்கு இன்னொரு வெளியூர் முகம் வாசலில் நிற்பதே ஆறுதல். வேத பாடம் வாசிப்பதும் நல்ல தொடக்கம். உச்சரிப்பை நினைத்துப் பயப்பட வேண்டாம், பழைய ஏற்பாட்டுப் பெயர்களில் அவர்களும்தான் தடுமாறுகிறார்கள். முந்தின நாள் சத்தமாக மூன்று முறை வாசித்துப் பாருங்கள், மைக்கில் நிதானமாக வாசியுங்கள். பாடகர் குழுவில் சேரவும் இசை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் கேட்பதில்லை. பாமாலைப் பாட்டுகள் பாதிக்குமேல் மெட்டு அப்படியே இருக்கும், வார்த்தைதான் வேறு. முதல் ஞாயிறு நான் என்னையறியாமல் தமிழில் பாடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் அதிகம் சிபாரிசு செய்வது மணி அடிப்பதை. நம் ஊரில் கோயில் பிள்ளை ஒருவரே கயிற்றை இழுத்துவிடுவார். இங்கே கோபுரத்தில் ஆறோ எட்டோ மணிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். வட்டமாக நின்று, எண்களின் வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிமாற்றி அடிப்பார்கள். கயிற்றின் நடுவில் கம்பளிப்பூச்சி போல வண்ணக் கம்பளி சுற்றியிருக்கும், அதற்கு சாலி என்று பெயர். அதைப் பிடித்து இழுத்து, சரியான நொடியில் விட்டு, கயிற்று நுனியால் மணியைத் தலைகீழாக நிறுத்தி, திரும்பி வரும்போது மறுபடி பிடிக்க வேண்டும். விட மறந்தால் கயிறு உங்களையே தூக்கிவிடும். அதனால் முதல் வாரங்களில் பக்கத்தில் ஒருவர் நின்றே கற்றுக்கொடுப்பார். மணியைக் கட்டுக்குள் கொண்டுவரவே பல வாரம் ஆகும். வாரத்தில் ஒரு மாலை பயிற்சி, பெரும்பாலும் அதன்பின் பப். நீங்கள் குடிக்காவிட்டால் ஆரஞ்சு ஜூஸ், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எண்ணத் தெரிந்தால் போதும், ஆங்கிலப் பேச்சு சரளமாக வராதவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. புது ஆள் கிடைத்தால் கோபுரத்தில் கொண்டாடுவார்கள்; மணியடிக்க ஆள் பற்றாக்குறை எப்போதும்.

பிள்ளைகளோடோ முதியவர்களோடோ வேலை செய்வதென்றால் முறையான சோதனைகள் உண்டு. ஓய்வுநாள் பள்ளியில் பத்து வருடம் டீச்சராக இருந்தேன் என்று சொல்லி நேராக வகுப்புக்குள் போக முடியாது. விண்ணப்பம், உங்களை அறிந்தவர்களின் பரிந்துரை, டி.பி.எஸ். என்னும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, இணையத்தில் பாதுகாப்புப் பயிற்சி, எல்லாம் முடிய வேண்டும். தன்னார்வலருக்கு டி.பி.எஸ். கட்டணம் இல்லை. சந்தேகப்படுகிறார்கள் என்று நம்மவர்கள் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் இதே விதிதான், குருவானவருக்கும். இது ஏன் வந்தது என்று திருச்சபையின் சமீபத்திய வரலாற்றைக் கொஞ்சம் படித்தாலே புரியும். நம் சபைகளிலும் இது வர வேண்டும் என்பது என் கருத்து.

பிள்ளையை சர்ச் பள்ளியில் சேர்ப்பதற்காகக் கோயிலுக்குப் போவதும் இங்கே உண்டு. சில பள்ளிகள் வருகைக்குக் குருவானவரின் கையொப்பம் கேட்கும். அந்த எண்ணம் இருந்தால் ஆரம்பத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் பார்க்காத ஆட்களா?

வருடத்தின் வாசல்கள்

ஞாயிறுகளில் நடக்காத பழக்கம் பண்டிகை வேலைகளில் நடந்துவிடும். எல்லாப் பண்டிகையும் சொல்லப் போவதில்லை.

செப்டம்பர், அக்டோபரில் வருவது அறுப்பின் பண்டிகை. நம் ஊரில் முதற்கனியாக வந்த வாழைத்தாரும் சேவலும் ஏலத்தில் நாலு மடங்கு விலைக்குப் போகும், ஆளுக்கு ஆள் ரோஷம் ஏற்றிவிடுவார்கள். இங்கே இன்றைய வடிவத்தைத் தொடங்கியவர் கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ என்ற ஊரின் குருவானவர் ராபர்ட் ஹாக்கர், 1843-இல். இப்போது பலிபீடத்தின் முன் பூசணிக்காயோடு பீன்ஸ் டின்களும் பாஸ்தா பாக்கெட்டும் குவிந்திருக்கும். எல்லாம் உணவு வங்கிக்குப் போகும். அவற்றைத் தேதி பார்த்துப் பிரித்து அட்டைப்பெட்டியில் அடுக்க ஆள் தேவைப்படும். போங்கள்.

கிறிஸ்துமஸை ஒட்டி கிறிஸ்டிங்கிள். ஆரஞ்சுப் பழத்தைச் சுற்றி ஒரு சிவப்பு ரிப்பன், மேலே ஒரு மெழுகுவர்த்தி, நான்கு குச்சிகளில் உலர்திராட்சையோ மிட்டாயோ. பழம் உலகம், ரிப்பன் கிறிஸ்துவின் இரத்தம், மெழுகுவர்த்தி ஒளி, குச்சிகள் நான்கு பருவங்கள். மொரேவியர்களின் வழக்கம் இது. 1968-இல்தான் இங்கிலாந்துச் சபைக்குள் வந்தது. முந்தின நாள் ஹாலில் மேசை போட்டு நூறு பழம் தயாரிப்பார்கள். நூறு பழத்துக்கு வாங்கின மிட்டாய் எழுபதுக்குத்தான் வரும், பிள்ளைகள் அப்படி.

லெந்து காலத்தின் நான்காம் ஞாயிறு மதரிங் சண்டே. எல்லாப் பெண்களுக்கும் சின்னப் பூங்கொத்து கொடுப்பார்கள். அம்மா ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அன்று கொஞ்சம் தொண்டை அடைக்கும், தயாராகப் போங்கள். நவம்பரில் ரிமெம்பரன்ஸ் சண்டே, போரில் இறந்தவர்களுக்காகச் சரியாகப் பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்தும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பல் ஏறினார்கள். அன்று தாமதமாகப் போகவே கூடாது.

பணம்

மூச்சுவிடாமல் சந்தாப் பட்டியல் வாசிக்கும் வழக்கம் இங்கே கிடையாது. யார் எவ்வளவு கொடுக்கிறார் என்பது கணக்காளருக்கு மட்டும் தெரியும், குருவானவருக்குக்கூட பல இடங்களில் தெரியாது. மாதாமாதம் வங்கியிலிருந்து போகும்படி வைத்தால் அவர்களுக்குத் திட்டமிட வசதி. நீங்கள் இங்கே வருமான வரி கட்டுகிறவரானால் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் சபைக்குக் கிடைக்கும். வரி கட்டாத மாணவர்கள் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த வித்தியாசத்தொகையை உங்களிடமே கேட்பார்கள்.

ரோலில் பெயர்

ஆறு மாதம் தொடர்ந்து போனபின் ‘எலெக்டோரல் ரோல்’ படிவம் கேட்டு வாங்குங்கள். இது சபையின் வாக்காளர் பட்டியல். ஞானஸ்நானம் பெற்று 16 வயது நிரம்பியிருந்தால் போதும், குடியுரிமை தேவையில்லை. சி.எஸ்.ஐ.காரர் அந்தப் பாரிஷுக்குள்ளேயே குடியிருந்தால் ஆறு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஆறு வருடத்துக்கு ஒருமுறை பட்டியலைக் கலைத்துப் புதிதாக எழுதுவார்கள். 2025-இல் எழுதினார்கள், அடுத்தது 2031. அப்போது பழைய ஆட்களும் மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும்.

வருடத்தின் முதல் ஐந்து மாதத்துக்குள் ஆண்டுக் கூட்டம் நடக்கும். அதில் பி.சி.சி. என்னும் சபை மன்றத்துக்குத் தேர்தல். ரோலில் ஆறு மாதம் இருந்தால் நீங்களும் நிற்கலாம். நம் டயோசீசன் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருக்கும். போட்டி கிடையாது, போஸ்டர் கிடையாது. நிற்க ஆள் கிடைக்காமல் தலைவர் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார், எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். கூரை ஒழுகுவதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசும் மன்றம் அது. பொறுமை இருந்தால் மட்டும் சம்மதியுங்கள்.

அதே நாளில் சபையின் பொறுப்பாளர்களான இரண்டு சர்ச்வார்டன்களையும் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் பாரிஷ் எல்லைக்குள் உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் இருக்கும் யாரும் வாக்களிக்கலாம், என்ன மதமாக இருந்தாலும். இந்திய, இலங்கைக் குடியுரிமையோடு இங்கே முறையாகத் தங்கியிருப்பவர்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்க முடியும். சட்டப்படி உங்கள் பக்கத்து வீட்டு மீனாட்சி அக்காவும் வந்து கை தூக்கலாம். இதை நான் சொன்னபோது எங்கள் வார்டனே நம்பவில்லை.

சொன்னால்தான் தெரியும்

நம் ஊரில் இரண்டு ஞாயிறு வராவிட்டால் உபதேசியார் வீட்டுக்கு வந்துவிடுவார். இங்கே வரமாட்டார்கள். காய்ச்சலில் படுத்திருந்தாலும், ஊரில் அப்பா இறந்தாலும், நீங்கள் சொல்லாமல் ஒருவருக்கும் தெரியாது. அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சொன்னால் உருளைக்கிழங்கு ‘பை’ என்னும் பலகாரம் செய்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். மணியடித்துவிட்டு நீங்கள் திறப்பதற்குள் போய்விடவும் செய்வார்கள். நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கவும் ஏற்பாடு உண்டு, கேட்க வேண்டும். எந்த மாதிரி ஜெபம் வேண்டும், பெயரை ஆராதனையில் வாசிக்கலாமா என்றும் உங்களிடம் கேட்டுவிட்டே செய்வார்கள்.

கல்யாணம் இங்கே என்றால் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பை, அதாவது ஓலை, வாசிக்கும் வழக்கம் இங்கேயும் உண்டு. ஆனால் இருவரில் ஒருவர் பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடிமகன் இல்லையென்றால் ஓலை மட்டும் போதாமல் போகலாம், அரசுப் பதிவாளரிடமும் போக வேண்டியிருக்கும். தேதி குறிக்கும் முன்பே குருவானவரிடம் பேசிவிடுங்கள்.

தமிழ் ஆராதனையை விட்டுவிடச் சொல்லவில்லை. லண்டனிலும் வேறு சில நகரங்களிலும் தமிழில் ஆராதனை நடத்தும் சபைகள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு நாள் அங்கே போய் நெஞ்சு நிறையக் கீர்த்தனை பாடிவிட்டு வாருங்கள். போவதற்கு முன் ரோட்டாவைப் பார்த்துவிடுங்கள். உங்கள் முறை அன்று என்றால் வேறு ஒருவரோடு மாற்றிக்கொண்டு, அதைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கும் தாளிலும் பென்சிலால் திருத்தி எழுதிவிட்டுப் போங்கள். வாயால் சொல்லி மட்டும் போனால் ஞாயிறு பதினொன்றேகாலுக்கு அண்டா குளிர்ந்தே இருக்கும்.